இரண்டு நோட்டுக்கு நடுவில் ஒரு தலை

திருமங்கலம்
25.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாக்பூர் வெயில் இன்னும் உன்னை வறுக்க ஆரம்பித்திருக்காது. இங்கே நான், என் வீட்டுக்காரி பாண்டீஸ்வரி, அவளுடைய சர்க்கரை, என்னுடைய தொப்பை ஆகிய நால்வரும் நலம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உன் மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் சிரிக்கக்கூடும். நம் வீட்டில் போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும் என்பது பாண்டீஸ்வரி இயற்றிய சட்டம். குடும்ப வாட்ஸப் குழுவில் ஐம்பத்தேழு பேர். அதில் பதினொரு பேர் யாரென்றே எனக்குத் தெரியாது, ஆனால் தினமும் காலை வணக்கம் சொல்கிறார்கள். இன்றைக்கு ரகசியம் தங்குகிற ஒரே இடம் தபால் பெட்டிதான்.

விஷயம் இதுதான். நான் தாத்தாவாகிவிட்டேன். ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை. என் மகன் அழகுபாண்டிக்கு ஆண் குழந்தை. பெயர் மருது. தாயும் பிள்ளையும் மருமகள் பாண்டிமீனாவின் அம்மா வீட்டில், கீழக்குயில்குடியில் இருக்கிறார்கள். அங்கே சம்பந்தியம்மா மாயக்காளின் ஆட்சி. சமணர் மலைக் கல்படுக்கையிலிருந்து பழைய முனிவர்களே எழுந்து வந்தாலும், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டித்தான் திருப்பி அனுப்புவார்.

பிள்ளையின் போட்டோவைப் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். என் ஜெராக்ஸ் கடையின் சொந்தத் தயாரிப்பு. பக்கவாட்டில் பார். முன்னால் நெற்றி, பின்னால் பிடரி, நடுவில் நெடுஞ்சாலை. அச்சு அசல் என் தலை! பள்ளிக்கூடத்தில் ‘படகுத்தலையன்’ என்று என்னைக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் இப்போது மொட்டையாகத் திரிகிறார்கள், என் வம்சம் தழைக்கிறது. ஹெல்மெட் கடையில் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். ‘அண்ணே, நீளத்துக்குப் பத்தல, அகலத்துக்கு மிச்சம், ரெண்டு வாங்கி ஒட்டிப் போட்டுக்கங்க’ என்றானே, அன்றைக்கு வண்டியை விற்றவன்தான். இன்றுவரை டவுன் பஸ்.

நீ எப்போது வருகிறாய்? வந்தாலும் பிள்ளையைத் தூக்கமாட்டாய் என்று தெரியும். ‘பொணத்துக்குப் பயப்படாதவ பச்சப்புள்ளைக்குப் பயப்படுறா’ என்று ஆத்தா உன்னைச் சொன்னது குடும்பப் பழமொழியாகிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தம்பி,
நல்லகாமன்


நாக்பூர்
2.3.2024

தம்பிக்கு,

கடிதமும் படமும் கிடைத்தன. எனக்கு உடம்பு பரவாயில்லை. முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. பாண்டீஸ்வரிக்குக் காலையில் நடக்கச் சொல்.

குழந்தை பிறந்ததில் மகிழ்ச்சி. நான்கு விவரங்கள் வேண்டும்.

தையற்கடை டேப்பால் தலையின் சுற்றளவை எடு. புருவத்துக்கு மேலும் பிடரியின் முனையிலும் டேப் போக வேண்டும். பிறகு, கெட்டி அட்டை போட்ட இரண்டு நோட்டுகளைக் கொண்டு போ. குழந்தை படுத்திருக்கும்போது தலையின் இரு பக்கமும் அழுத்தாமல் நிறுத்தி, நடுவில் உள்ள தூரத்தை ஸ்கேலால் அள. அது அகலம். அதே மாதிரி நெற்றிக்கும் பிடரிக்கும். அது நீளம். கடைசியாக உச்சிக்குழி எப்படி இருக்கிறது, உச்சியிலிருந்து பிடரி வரை நடு விரலால் தடவினால் மேடாகத் தட்டுப்படுகிறதா என்று பார்த்து எழுது.

எண்களை நகைச்சுவையாக எழுதாதே. எண்களாக எழுது.

இன்று முதலாண்டு மாணவர்களுக்கு மண்டை ஓட்டு வகுப்பு. ஒரு பையன் கண்குழிக்குள் விரலை விட்டு, பந்து தூக்குவதைப் போலத் தூக்கினான். ‘இது ஒருவருடைய தலை. ஒரு கை அடியில், ஒரு கை பக்கத்தில்’ என்றேன். முப்பத்தைந்து வருடமாக முதல் பாடம் இதுதான்.

விரைவில் எழுது.
அக்கா,
முனீஸ்வரி


திருமங்கலம்
12.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்காலை விசாரித்ததாகச் சொல். இங்கே பாண்டீஸ்வரி நடக்கிறாள், நான் அதைப் பார்க்கிறேன். இருவருக்கும் வேர்க்கிறது.

முதலில் எண்கள். சுற்றளவு 38. நீளம் 14.2. அகலம் 9.4. எல்லாம் சென்டிமீட்டர். உச்சிக்குழி மிகச் சின்னது, விரல் நுனி போகிற அளவு. நடுவில் மேடு இருக்கிறது, வயல் வரப்பு மாதிரி. இதுவரை நகைச்சுவை இல்லை என்பதைக் கவனித்திருப்பாய்.

இனி உண்மைச் செய்தி. நோட்டும் கையுமாகப் போனேன். மாயக்காள் வாசலிலேயே மறித்தார்.

‘ஏண்ணே, பால்குடி மறக்காத புள்ளைக்கு இப்பவே நோட்டு வாங்கிட்டு வந்துட்டீகளா?’

‘டாக்டரக்கா சொல்லுச்சும்மா. ரெண்டு பக்கமும் நோட்டு வச்சு எடுத்தா நல்லதாம்.’

எதற்கு நல்லது என்று நான் சொல்லவில்லை. அது எனக்கே தெரியாது. அவரே முடிவு செய்துகொண்டார், படிப்பு வரும் என்று. மறுநாள் அந்தத் தெருவில் மூன்று கைப்பிள்ளைகளுக்குத் தலைமாட்டில் நோட்டு வைத்திருக்கிறார்களாம். ஒரு வீட்டில் கணக்கு வர வேண்டும் என்று கிராஃப் நோட்டு. உன் ஆராய்ச்சி ஒன்று முதல்முறையாக மக்களைச் சென்றடைந்திருக்கிறது.

உச்சிக்குழி பற்றிக் கேட்டதற்கு அவர் நெஞ்சை நிமிர்த்தினார். ‘மூடப் போகுதுண்ணே. மத்த புள்ளைகளுக்கு வருசம் ஒன்றரை ஆகும். இவன் ஒன்றரை மாசத்துலயே மூடுறான். எம்புட்டுக் கெட்டிப் புள்ள!’ தினமும் தண்ணீர் ஊற்றும்போது முன்னும் பின்னும் கையை வைத்து நீவிவிடுகிறார். ஆறு மாதத்தில் தேங்காய் மாதிரி உருட்டிக் காட்டுவதாகச் சவால்.

காரணம் எதுவும் சொல்லாமல் அளக்கச் சொன்னாயே, என்ன விஷயம்? ஏதாவது புத்தகத்தில் எங்கள் தலையைப் போடப் போகிறாயா?

தம்பி,
நல்லகாமன்


நாக்பூர்
17.3.2024

தம்பிக்கு,

எண்கள் தெளிவாக இருந்தன. நன்றி. வீட்டில் எல்லாரும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் 66 வருகிறது. இந்த வயதில் எழுபத்தைந்தாவது இருக்க வேண்டும்.

பிறந்த குழந்தையின் மண்டை ஒரே எலும்பு இல்லை. பல துண்டுகள். துண்டுகளுக்கு நடுவே தையல் போட்ட மாதிரி இடைவெளி. உள்ளே மூளை வளர வளர அந்தத் தையல்கள் விட்டுக்கொடுக்கும். மருதுவுக்கு உச்சியிலிருந்து பிடரிக்கு ஓடும் நடுத்தையல் முன்கூட்டியே எலும்பாகிவிட்டது என்று நினைக்கிறேன். நீ தடவிய வரப்பு அதுதான். பக்கவாட்டில் விரிய வழியில்லாததால் தலை முன்னும் பின்னும் நீள்கிறது. நீவுவதால் இது சரியாகாது. சீக்கிரம் மூடுவது கெட்டித்தனமும் இல்லை.

இதற்கு அறுவை சிகிச்சை உண்டு. மூடிய தையலைச் சின்னத் துளை வழியாக ஒரு பட்டையளவுக்கு வெட்டியெடுத்துவிடுவார்கள். பிறகு வளர்கிற மூளையே தலையைச் சரிசெய்யும். ஆனால் எலும்பு மெல்லியதாக இருக்கும்போது செய்ய வேண்டும். நாலு மாதம் முடிவதற்குள், அதாவது மே 28-க்குள். தவறினால் பெரிய அறுவை. மண்டையைக் கழற்றி மாட்டுகிற மாதிரி.

சென்னையில் டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி இதைச் செய்கிறாள். என் மாணவி. முதலாண்டில் மண்டை ஓட்டு வாய்மொழித் தேர்வில் நான் இரண்டு முறை தோற்கடித்தவள். இன்று இதில் நான் நம்புகிற கை அவளுடையது. பேசிவிட்டேன். ஸ்கேன் எடுத்து உறுதி செய்வாள்.

அழகுபாண்டியிடமும் பாண்டிமீனாவிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டு. பெற்றவர்களிடம் முதலில் நேரில் உள்ளவர் சொல்ல வேண்டும், போனில் நான் சொல்லக் கூடாது. ஆகவே நீ சொல்.

முனீஸ்வரி


திருமங்கலம்
1.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாக்பூரில் வெயில் நாற்பதைத் தொட்டதாக டி.வி.யில் சொன்னார்கள். மோர் குடி. இங்கே எலெக்‌ஷன் சூடு வேறு. என் கடையில் இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே நோட்டீஸை ஜெராக்ஸ் எடுக்கிறார்கள், பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு.

நான் எழுதுகிற மாத இதழில் இந்த மாதம் என் நகைச்சுவைக் கட்டுரை வந்திருக்கிறது. டவுன் பஸ் ஜன்னல் சீட்டைப் பற்றி. ஆசிரியர் போனில் பாராட்டினார். ஸ்பீக்கரில் இருந்ததால் பாண்டீஸ்வரியும் கேட்டாள், நம்பவில்லை.

திருப்பரங்குன்றத்தில் நம் பெரியப்பா மகன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினான். வாஸ்துப்படி சமையலறையை மாற்றியதில் ஃபிரிட்ஜ் உள்ளே போகவில்லை. இப்போது ஹாலில் சோபாவுக்கு எதிரில் நிற்கிறது. வருகிறவர்கள் அதை டி.வி. என்று பார்க்கிறார்கள்.

நீ எழுதியது பற்றி. படித்தேன். நாலைந்து முறை படித்தேன். ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. இதே தலையோடு நான் ஐம்பத்து நாலு வருடம் ஓட்டவில்லையா? கடை நடத்துகிறேன், எழுதுகிறேன், ஓட்டுப் போடுகிறேன். அவ்வப்போது தலைவலி வரும். கல்யாணம் ஆனவனுக்கு எல்லாருக்கும் வருவதுதானே? பிளஸ் டூவில் தவறியதற்குத் தலை காரணமில்லை, தியேட்டர் காரணம்.

வீட்டில் பேச்சு நடக்கிறது என்று வைத்துக்கொள். வெயிலில் அலையாதே.

நல்லகாமன்


நாக்பூர்
6.4.2024

தம்பிக்கு,

நலம். மோர் குடிக்கிறேன்.

‘என்று வைத்துக்கொள்’ என்றால் என்ன அர்த்தம்? போனில் மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் ‘வண்டியில இருக்கேன்க்கா’ என்றாய். உனக்கு வண்டி கிடையாது.

எங்கள் துறையில் ஒரு மண்டை ஓடு இருக்கிறது. எண் 41. படகு வடிவம். யாருடையது என்று தெரியாது, வளர்ந்த ஓர் ஆளுடையது என்பது மட்டும் தெரியும். வெளியே பார்த்தால் வடிவம்தான் வேறு. உச்சியை அறுத்துத் திறந்தால் உள்பக்கம் முழுக்கக் குழிகள். பிசைந்த மாவில் விரலால் அழுத்தினால் பதியுமே, அப்படி. இடம் போதாமல் மூளை எலும்பை அழுத்திய தடம். அந்த ஆளுக்கு எப்படி வலித்திருக்கும், கண் எவ்வளவு மங்கியிருக்கும் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

நீ தப்பினாய். பலர் தப்புகிறார்கள், சிலர் தப்புவதில்லை. மருது எந்தக் கணக்கில் வருவான் என்று முன்கூட்டியே சொல்ல எனக்குத் தெரியாது. முப்பது வருடம் எலிக்குஞ்சுகளின் மண்டையை வைத்து, தையல் ஏன் முன்கூட்டி மூடுகிறது என்று ஆராய்ந்தேன். பதினேழு கட்டுரை எழுதினேன். முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. தெரியாத ஒன்றை ஒரு குழந்தையின் தலையில் பந்தயம் கட்ட வேண்டாம் என்பது மட்டும் தெரியும்.

இன்னும் ஐம்பத்திரண்டு நாள் இருக்கிறது. சொன்னாயா, இல்லையா? ஒரு வார்த்தையில் பதில் போதும். அது வராவிட்டால் நானே அழகுபாண்டியைக் கூப்பிடுவேன்.

முனீஸ்வரி


திருமங்கலம்
10.4.2024

அக்காவுக்கு,

இல்லை.

ஒரு வார்த்தையில் கேட்டாய், கொடுத்துவிட்டேன். மீதியை இலவசமாக எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து சட்டைப் பையில்தான் இருக்கிறது. இரண்டு முறை கீழக்குயில்குடிக்குப் போனேன். முதல் முறை, மாயக்காள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ‘அப்படியே அவுக தாத்தா தலை’ என்று ஊர்க்காரியிடம் காட்டிக்கொண்டிருந்தார். நானும் சிரித்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு வந்தேன். இரண்டாம் முறை மருமகள் பாண்டிமீனா தனியாக இருந்தாள். ‘மாமா, எதுவும் சொல்லணுமா?’ என்றாள். ‘ஃபேன் சத்தம் போடுதும்மா, எண்ணெய் விடணும்’ என்றேன். ஃபேனுக்கு எண்ணெய் விட்டுவிட்டு வந்தேன்.

ஏன் தெரியுமா? நாற்பது வருடமாக என் தலையை நானே கிண்டல் செய்து பிழைப்பு நடத்துகிறேன். மற்றவன் முந்திக்கொள்ளக் கூடாது என்பதற்காக. இப்போது அந்தத் தலை பிள்ளைக்குப் போயிருக்கிறது. ‘என்னால்தான் உன் மகனுக்கு மண்டையில் கத்தி வைக்க வேண்டியிருக்கு’ என்று பாண்டிமீனாவிடம் எப்படிச் சொல்வேன்? இதை எப்படி நகைச்சுவையாகச் சொல்வது என்று யோசித்து யோசித்து மூன்று வாரம் போய்விட்டது.

இன்னொரு சிக்கல். ஆபரேஷன் என்றால் தலையை மழிப்பார்கள். முதல் முடி நம் குலசாமி கருப்பு கோயிலுக்கு நேர்ந்தது. சாமிக்குக் கொடுக்காத முடியை ஆஸ்பத்திரியில் எடுக்க மாயக்காள் சம்மதிக்கவே மாட்டார். எடுப்பதோ பதினோராம் மாதம்.

ஆகவே நேற்று ஒரு காரியம் செய்தேன். கருப்பு என் கனவில் வந்து, மூன்றாம் மாதமே முடி வேண்டும் என்று கேட்டதாகச் சொன்னேன்.

மாயக்காள் என்னை மேலும் கீழும் பார்த்தார். ‘உங்க கனவுலயா? நல்லாத் தெரியுமா, கருப்புதானா? என்ன வேட்டி கட்டியிருந்தாரு?’

‘இருட்டும்மா. மீசை மட்டும்தான் தெரிஞ்சுச்சு.’

‘அப்ப அவருதான்’ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஏப்ரல் 21, ஞாயிறு என்று நாள் குறித்தாகிவிட்டது. சாமியை வைத்துப் பொய் சொல்லியிருக்கிறேன். வலிக்கிற இடத்தில் அடிக்காமல் விட்டால் சரி.

அழகுபாண்டியைக் கூப்பிடாதே. மொட்டை முடிந்ததும் நானே சொல்கிறேன்.

நல்லகாமன்


நாக்பூர்
14.4.2024

தம்பிக்கு,

புத்தாண்டு வாழ்த்து. எல்லாருக்கும் சொல்.

இருபத்தொன்றாம் தேதிவரை பொறுக்கிறேன். உனக்குச் சொல்லாத ஒன்றை இன்று எழுதுகிறேன். கிண்டல் செய்ய நினைத்தால், படித்து முடித்த பிறகு செய்.

நீ பிறந்தபோது எனக்கு ஒன்பது வயது. கடலைக் களையெடுப்பு. அய்யாவும் ஆத்தாவும் காட்டுக்குப் போனால், உன்னைப் பார்த்துக்கொள்ள என்னைப் பள்ளிக்கூடம் போகாமல் நிறுத்தினார்கள். இரண்டு மாதத்தில் உன் தலை நீண்டது எல்லார் கண்ணுக்கும் பட்டது. தெருவே ஒரு முடிவுக்கு வந்தது. ‘தொட்டில்ல ஒரே பக்கமாப் போட்டு வச்சிருக்கா. சின்னக் கழுதைய நம்பி விட்டா வேற என்னாகும்?’ ஆத்தாவும் அதையே சொன்னாள். கெட்ட எண்ணத்தில் இல்லை. அவள் வேறு என்ன நினைப்பாள்?

மணிக்கொருதரம் உன் தலையைத் திருப்பி வைத்தேன். ஆள் இல்லாத நேரத்தில் இரண்டு கையாலும் முன்னும் பின்னும் பிடித்து அமுக்குவேன், உருண்டையாகட்டும் என்று. நீ அழுவாய். ஆறு மாதம் அப்படிச் செய்தேன். பிறகு, அமுக்கியதில் உனக்கு உள்ளே ஏதாவது ஆகியிருக்குமோ என்று பயம் பிடித்துக்கொண்டது. நீ ஒவ்வொரு முறை தலைவலி என்றபோதும், பரீட்சையில் தோற்றபோதும் எனக்கு அந்தப் பயம் வரும்.

எம்.பி.பி.எஸ். முதல் வருடம். மதுரையில் எலும்பறையில் ஒரு படகுத் தலையைக் காட்டி, இது கருவிலேயே தையல் மூடியதால் வருவது, படுக்க வைப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பேராசிரியர் சொல்லிக்கொண்டே அடுத்த எலும்புக்குப் போனார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மண்டை ஓட்டைப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்று அவர் சோடா வாங்கி வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து ஆத்தாவிடம் சொன்னேன். ‘அப்படியா? சரி, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வா’ என்றாள்.

நான் வேறு துறை எடுக்காததற்குக் காரணம் இதுதான். பச்சைப் பிள்ளைகளைத் தூக்காததற்கும்.

உன் தலை உன்னால் வரவில்லை. மருதுவின் தலையும் உன் குற்றமில்லை. செய்யாத தப்பைச் சுமப்பது எப்படி என்பதில் எனக்கு அனுபவம் அதிகம். உனக்கு வேண்டாம்.

அக்கா


திருமங்கலம்
25.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியம். கிண்டல் செய்யவில்லை. செய்யலாமா என்று ஒரு நாள் பார்த்தேன், வரவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பொங்கல் வைத்தோம். தாய்மாமன் மடியில் மருது. முடியெடுக்க வந்தவர் அழகுமலை. எனக்கும், என் மகனுக்கும் முதல் மொட்டை போட்டது அவர் குடும்பம்தான். தண்ணீர் தடவி, நெற்றியிலிருந்து கத்தியை இழுத்தார். பாதி உச்சிக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்.

‘ஆத்தாடி, என்னா இது நடுவுல வரப்பு மாதிரி நிக்குது? நாப்பது வருசமா பச்சமண்டை செரைக்கிறேன். உச்சி அமுங்கும், கத்திய மெல்லப் புடிக்கணும். இது ஓடு மாதிரி இருக்குதே!’

‘கெட்டிப் புள்ளப்பா’ என்றார் மாயக்காள்.

‘கெட்டியில்ல ஆத்தா, பூட்டுனாப்ல இருக்கு. கையக் கொண்டா, நீயே தடவிப் பாரு.’

முடி முழுதும் போனதும் எல்லாருக்கும் தெரிந்தது. எண்ணெயும் முடியும் மூன்று மாதம் மறைத்து வைத்திருந்த மேடு, வெயிலில் பளபளவென்று நின்றது. மாயக்காள் தடவினார். இன்னொரு முறை தடவினார். பிறகு எல்லாரும் என் தலையைப் பார்த்தார்கள்.

தப்பிக்க டவுன் பஸ்கூட இல்லாத இடம். பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்தேன். மார்ச் 17-ஆம் தேதிக் கடிதம். மடிப்பில் கிழிந்திருந்தது. உரக்கப் படித்தேன். பாதியில் நீட்டிவிட்டேன், மிச்சத்தை அழகுபாண்டி வாங்கிப் படித்தான்.

கவனிப்பாரில்லாமல் பொங்கல் பொங்கி அடுப்பை அணைத்தது.

மாயக்காள் கேட்டார். ‘ஏண்ணே, இம்புட்டு நாளா இத சட்டப்பைக்குள்ளயா வச்சிருந்தீக?’

‘ஆமாம்மா.’

‘கருப்பு கனவுல வந்ததும் பொய்யா?’

‘ஆமாம்மா.’

நான் அடிக்குத் தயாரானேன். அவர் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார். ‘பொய்யாவே இருக்கட்டும். அவரு சொல்லாம உங்களுக்கு இம்புட்டு அறிவு எங்கிட்டுருந்து வரப்போகுது?’

ஐம்பத்து நாலு வருடத்தில் என்னைப் பற்றிச் சொல்லப்பட்ட சிறந்த நகைச்சுவை அது, அக்கா.

பாண்டிமீனாதான் கடைசியாகப் பேசினாள். ‘அன்னைக்கு ஃபேனுக்கு எண்ணெய் விட வந்தீங்களே மாமா, அப்பவே சொல்லியிருந்தா நானும் அழுதிருப்பேன், நீங்களும் அழுதிருப்பீங்க. முடிஞ்சிருக்கும்.’ அப்புறம் அவள், ‘எங்கம்மா நீவுனதால இப்படி ஆகலையே?’ என்று மெல்லக் கேட்டாள். மாயக்காளின் முகத்தைப் பார்த்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். அப்போதுதான் உன் கடைசிக் கடிதம் எனக்குப் பயன்பட்டது. படிக்கவில்லை, அது உன்னுடையது. ‘யாராலயும் ஆகல, வயித்துலயே ஆனது’ என்று மட்டும் சொன்னேன். அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அழகர் ஆற்றில் இறங்கினார். ஊரே அங்கே போனது. நாங்கள் சென்னைக்கு ரயில் டிக்கெட் எடுத்தோம். இனி நீ அழகுபாண்டியோடு நேரடியாகப் பேசு. ஸ்பீக்கரில்தான் இருக்கும், பரவாயில்லை.

நல்லகாமன்


நாக்பூர்
1.5.2024

தம்பிக்கு,

நலம். ஸ்ரீலக்ஷ்மி ஸ்கேனை அனுப்பினாள். நடுத்தையல் மட்டும்தான். மற்றவை திறந்திருக்கின்றன. மே 14, காலை ஆபரேஷன். ரத்தம் கொடுக்க ஒருவர் தயாராக இருக்கட்டும். முந்தின நாள் வருவேன்.

மாயக்காளிடம், எண்ணெயை நிறுத்தச் சொல். வேறு எதையும் நிறுத்த வேண்டாம்.

முனீஸ்வரி


திருமங்கலம்
7.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். உன் முழங்காலும் நலமாக இருக்கட்டும். சென்னையில் மூன்று மாடி ஏறி இறங்கியதை அது இன்னும் மறந்திருக்காது.

ஆபரேஷன் செய்த தலை சரியான வடிவத்தில் வளர மாட்டிவிட்ட ஹெல்மெட்டோடு மருது கீழக்குயில்குடியைக் கலக்குகிறான். இருபத்து மூன்று மணி நேரமும் போட்டிருக்க வேண்டும் என்று டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி சொன்னதை, மாயக்காள் இருபத்து நாலாக்கப் பார்க்கிறார். குளிப்பாட்டுகிற ஒரு மணி நேரத்துக்கும் பக்கத்தில் நின்று கடிகாரம் பார்க்கிறார். ஹெல்மெட்டின் நெற்றியில் திருநீறு. பின்பக்கம் கண்திருஷ்டிக்கு ஒரு கறுப்புப் பொட்டு. பார்க்க வருகிறவர்களிடம், ‘அளவெடுத்துத் தச்சதும்மா. கடையில கெடைக்காது’ என்கிறார். நம் குடும்பத்தில் தலைக்கேற்ற ஹெல்மெட் கிடைத்த முதல் ஆள் அவன்தான். பொறாமையாக இருக்கிறது.

நேற்று அதே இரண்டு நோட்டை வைத்து அளந்தேன். நீளம் 14.8. அகலம் 11.1. வகுத்துப் பெருக்கும் வேலை உன்னுடையது. நான் பிளஸ் டூவில் தவறியவன்.

ஒன்று சொல்ல வேண்டும். ஆபரேஷன் முடிந்த மறுநாள் மத்தியானம் வார்டில் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்ததாக நீ நினைத்தாய். வாய் திறந்திருந்தது உண்மை. தூங்கியது பொய்.

நீ கட்டில் பக்கத்தில் ரொம்ப நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாய். பிறகு மறுபடியும் கழுவினாய். பிள்ளை சிணுங்கியதும் தூக்கினாய். ஒரு கை தலைக்கு அடியில், ஒரு கை பக்கத்தில். உன் முதல் பாடம்.

அவன் அழவில்லை. அதை மட்டும் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தம்பி,
நல்லகாமன்


நாக்பூர்
13.7.2024

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் பரவாயில்லை.

75. நல்ல எண். ஹெல்மெட்டை டாக்டர் சொல்கிறவரை கழற்ற வேண்டாம்.

நீ தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். தூங்கினால் குறட்டை விடுவாய்.

மண்டை ஓடுகள், குழந்தைகள், ஸ்கேன்கள் என்று இதுவரை நாலாயிரத்துக்கு மேல் தலைகளை அளந்திருக்கிறேன். உன் தலையை அளந்ததில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆகஸ்டில் ஒரு வாரம் லீவு போட்டிருக்கிறேன்.

அந்த இரண்டு நோட்டையும் எடுத்து வை.

அக்கா